நீரிழிவு உள்ளவர்க்குத் தடுப்பூசி முழுப் பலன் தருமா?

2021ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், கோவிட் தடுப்பூசி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அறுபது வயதைக் கடந்தவர்களோடு, 45 முதல் 59 வயது வரையிலான இணைநோயாளிகளுக்கும் அன்று முன்னுரிமை அளிக்கப்பட்டது. மத்திய அரசு வெளியிட்ட இருபது இணைநோய்களின் பட்டியலில் நீரிழிவும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அதற்கொரு நிபந்தனை இருந்தது. நீரிழிவு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியிருக்க வேண்டும், அல்லது அதனால் உடலில் சிக்கல்கள் தோன்றியிருக்க வேண்டும். அதனோடு இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உட்கொண்டு வர வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் இதற்குச் சான்று அளிக்க வேண்டும். சித்தூரில் எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர்கள் அந்த மாதம் முழுவதும் இந்தச் சான்றைப் பற்றியே பேசினார்கள். "எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம்தான் ஆகிறது, இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டுமா?" என்று வெல்ல மண்டி வைத்திருக்கும் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஏப்ரல் முதல் நாளே 45 வயதைக் கடந்த அனைவருக்கும் அனுமதி கிடைத்துவிட்டதால் அவருடைய காத்திருப்பு ஒரு மாதத்தில் முடிந்தது.

நீரிழிவு உள்ளவர்களை வரிசையில் முன்னால் நிறுத்தியதற்குக் காரணம் எளிது. நோய் தொற்றினால் அவர்களுக்கு அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். எனினும், அதனருகிலேயே வேறொரு கேள்வி இருந்தது. அதைப் பலரும் கேட்கவில்லை. தொற்றை எதிர்த்துப் போராடத் தடுமாறும் உடல், தடுப்பூசியை மட்டும் செவ்வனே ஏற்றுக்கொள்ளுமா? போட்ட ஊசி மற்றவர்களுக்குத் தரும் பலனை இவர்களுக்கும் தருகிறதா? கோவிட் ஓய்ந்துவிட்ட இக்காலத்திலும் இக்கேள்வி ஓயவில்லை. ஃபுளூ, நிமோனியா, மஞ்சள் காமாலையின் ஒரு வகையான ஹெப்படைட்டிஸ் பி, அக்கி என்று வயது வந்தோர்க்கான தடுப்பூசிகள் ஒவ்வொன்றாக மருந்துக்கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இது சிலருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையில் மருத்துவர் வி.மோகன் தலைமையிலான நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்கள். மாம்பழக் கூழ் ஆலைகளுக்கும் வெல்லத்திற்கும் பெயர்பெற்ற எங்கள் மாவட்டத்தில், ஓய்வூதியதாரர்கள் வாழ்வுச் சான்று அளிக்க வரும் நவம்பர் மாதத்தில், கையில் மாத்திரைப் பை இல்லாமல் வருபவர்களை எண்ணிவிடலாம்.

தடுப்பூசி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தோளின் தசைக்குள் மருந்து செலுத்தப்பட்டதும், அங்கே காவல் சுற்றிவரும் சில அணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கே பி அணுக்கள், அந்த அயற்பொருளுக்குப் பொருந்தும் எதிர்ப்பான்களைச் செய்ய முனைகின்றன. ஆனால் அவை தம் விருப்பப்படி முழு அளவில் செய்துவிட இயலாது. உதவி டி அணுக்கள் என்ற வேறொரு பிரிவு அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வங்கியில் ஓர் ஊழியர் பதிவு செய்த பரிவர்த்தனையை மற்றோர் அலுவலர் சரிபார்த்து அனுமதித்த பின்னரே அது கணக்கில் ஏறுகிறது அல்லவா, ஏறத்தாழ அதே ஏற்பாடு. ஒப்புதல் கிடைத்ததும் பி அணுக்கள் பெருகி, இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்தில் எதிர்ப்பான்கள் நிறைகின்றன. ஒரு பகுதி அணுக்கள் நினைவணுக்களாக மாறி, உண்மையான கிருமி பின்னாளில் வரும்போது விரைந்து செயற்படக் காத்திருக்கின்றன.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருக்கும்போது இந்த ஏற்பாட்டின் பல கட்டங்கள் தளர்கின்றன. கிருமியை நோக்கி விரைந்து சென்று விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஒப்புதல் தர வேண்டிய டி அணுக்களின் வேகமும் குறைகிறது. மிகுதியான சர்க்கரை புரதங்களின் மீது ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. மூன்று மாதச் சராசரி என்று நாம் அறிந்த எச்பிஏ1சி சோதனை அளப்பதும் இந்த ஒட்டுதலைத்தான். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டியுள்ள சர்க்கரை அந்தக் காலத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறது. எதிர்ப்பான்களும் புரதங்களே என்பதால் அவற்றுக்கும் இதே நிலை நேரக்கூடும்.

மற்றொன்றும் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் உடற்பருமனோடு சேர்ந்தே வருவது. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, உடலில் எந்நேரமும் மெல்லிய அழற்சியை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறது. கட்டிடத்தில் அபாய மணி இரவும் பகலும் சன்னமாக ஒலித்துக்கொண்டே இருந்தால், உண்மையான அபாயத்தில் அது ஒலிக்கும்போது காவலர் எழுந்திருப்பாரா? இவை யாவற்றுக்கும் மேலாக முதுமை. அறுபதைக் கடந்த எவர்க்கும் தடுப்பூசியின் வினை சற்றுக் குறைவதுண்டு. ஆகவே எழுபது வயது நீரிழிவு நோயாளியிடம் காணப்படும் குறைவில் எவ்வளவு சர்க்கரையால் வந்தது, எவ்வளவு வயதால் வந்தது என்று பிரித்தெடுப்பது ஆய்வாளர்களுக்கே எளிதன்று.

இனி, ஆய்வுகள் கண்டது என்ன? கோவிட் காலத்தில் நம் நாட்டிலேயே இது சோதிக்கப்பட்டது. கொல்கத்தாவைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் அவதேஷ் குமார் சிங்கும் அவருடைய குழுவினரும், கோவிஷீல்டு அல்லது கோவாக்சின் போட்டுக்கொண்ட மருத்துவப் பணியாளர்களின் இரத்தத்தில் எதிர்ப்பான்களை அளந்தார்கள். 13 மாநிலங்களைச் சேர்ந்த 515 பேர் இரு தவணைகளையும் முடித்த பின்னர், அவர்களில் 95 சதவீதத்தினரிடம் எதிர்ப்பான்கள் காணப்பட்டன. அறுபது வயதைக் கடந்தவர்களிடமும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும் அந்த விகிதம் குறைவாக இருந்தது. குறைந்தது என்பதே செய்தி, இல்லாமற் போகவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு "சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி வேலை செய்யாதாம்" என்று பேசியவர்களும் உண்டு.

இத்தாலியின் கம்பானியாப் பகுதியில் மார்ஃபெல்லா என்ற பேராசிரியரின் குழு செய்த ஆய்வு, என் கருத்தில், இவ்விஷயத்தில் நமக்கு மிகப் பயன்படுவது. நீரிழிவு உள்ளவர்களையே அவர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள்: எச்பிஏ1சி 7 சதவீதத்திற்குள் இருப்பவர்கள், அதற்கு மேல் இருப்பவர்கள். முதல் தவணைக்குப் பின் 21ஆம் நாள் சோதித்தபோது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடம் எதிர்ப்பான்களும் டி அணுக்களின் வினையும் குறைவாக இருந்தன. கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் நிலை நன்றாக இருந்தது. இதைவிட முக்கியமானது அடுத்துக் கண்டது. முதலில் பின்தங்கியவர்களுள், இடைப்பட்ட வாரங்களில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டவர்களின் எதிர்ப்பாற்றல் 52ஆம் நாள் சோதனையில் முன்னேறியிருந்தது. ஓராண்டுக் காலத்தில், தடுப்பூசி போட்ட பின்னும் நோய் தொற்றியவர்கள் கட்டுப்பாடு இல்லாதவர்களிடையே மிகுதி. ஆகவே தடுப்பூசியின் பலனை நிர்ணயிப்பதில், நீரிழிவு உண்டா இல்லையா என்பதைக் காட்டிலும், அது எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு இடம் அதிகம். பத்தாண்டுக்கு மேலானதா என்று கேட்ட 2021ஆம் ஆண்டுப் பட்டியல் எச்பிஏ1சி எவ்வளவு என்று கேட்கவில்லை. அவசரக் காலத்தில் அது நடைமுறைக்கு ஒத்து வந்திருக்காது என்பதும் உண்மையே.

தடுப்பூசிக்குத் தடுப்பூசி இந்த வேறுபாடு மாறுகிறது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியில் அது தெளிவாகத் தெரியும். ஓர் ஆய்வில் மூன்று தவணைகளுக்குப் பின் நீரிழிவு இல்லாதவர்களில் நூற்றுக்கு 82 பேர் பாதுகாப்பான அளவை எட்டியபோது, நீரிழிவு உள்ளவர்களில் 75 பேர் எட்டினார்கள். வயது ஏற ஏற இடைவெளியும் விரிந்தது. இந்நோய் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்காவில் ஒரே சர்க்கரைப் பரிசோதனைக் கருவியைப் பலருக்குப் பயன்படுத்திய முதியோர் இல்லங்களில் இந்நோய் பரவியது கண்டறியப்பட்டது. 23 முதல் 59 வயது வரையிலான நீரிழிவு நோயாளிகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்றும் கணிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு அந்நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, அறுபது வயதுக்குட்பட்ட நீரிழிவு நோயாளிகள் அனைவர்க்கும் இதைப் பரிந்துரைத்தது. திருவிழாக்களிலும் சந்தைகளிலும் நடக்கும் இலவசச் சர்க்கரை முகாம்களில் விரலை நீட்டுமுன், ஊசி முனை புதியதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வது நன்று. இத்தடுப்பூசி ஒரு காலத்தில் இறக்குமதிச் சரக்காக, எட்டாத விலையில் இருந்தது. 1997ஆம் ஆண்டில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்ட பின்னரே விலை இறங்கியது.

ஃபுளூ தடுப்பூசியின் நிலை வேறு. நீரிழிவு உள்ளவர்களின் எதிர்ப்பான் அளவு மற்றவர்களுக்குப் பெரிதும் குறையவில்லை என்பதே பல ஆய்வுகளின் முடிவு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் இரு ஃபுளூ பரவல்களின்போது நீரிழிவு நோயாளிகளிடையே திரட்டிய விவரங்களை ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கை 79 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவமனையில் சேராதிருப்பதன் மதிப்பை வங்கி அலுவலர் ஒருவர் விளக்கத் தேவையில்லை. நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்னரே உடைக்க வருபவர்கள் கூறும் காரணங்களில் முதலிடம் அதற்கே.

அக்கி எனப்படும் நோய்க்கு 2023ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த புதிய தடுப்பூசி இன்னும் வியப்பளிக்கிறது. பெரிய அளவிலான சோதனைகளில் கலந்துகொண்ட ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் நீரிழிவு உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களிடமும் அது 90 சதவீதத்தைக் கடந்த பாதுகாப்பை அளித்தது. எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் துணைப்பொருள் ஒன்று அதில் சேர்க்கப்பட்டிருப்பதே காரணம். மந்தமான காவலரையும் எழுப்ப வழி உண்டு என்று இதனால் தெரிகிறது. ஆனால் இரு தவணைகளின் விலை நடுத்தரக் குடும்பத்தை யோசிக்க வைக்கும்.

திருப்பதியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத இயலாது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம், தரிசனத்திற்கு வருபவர்கள் இரு தவணைத் தடுப்பூசிச் சான்றையோ நோய்த்தொற்று இல்லை என்னும் சோதனைச் சான்றையோ காட்ட வேண்டும் என்று அறிவித்தது. அதுவரை தயங்கிய பெரியவர்கள் சிலர் மலையப்பனைக் காணவேண்டியே ஊசி போட்டுக்கொண்டதை எங்கள் வாடிக்கையாளர்களிடையே கண்டிருக்கிறேன். ஆனால் நான் கூற வந்தது மற்றொரு தடுப்பூசியைப் பற்றி. அலிபிரியிலிருந்து மேலே செல்லும் 3,550 படிகளையும் வெறுங்காலோடு ஏறுவது வேண்டுதல். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்க்குக் கல் குத்தியதோ, தோல் கிழிந்ததோ உடனே தெரிவதில்லை. இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமியின் நுண்விதைகள் மண்ணில் உறைபவை. ஆறாத பாதப்புண் அதற்கொரு வாசல். சிறு வயதில் போட்ட ஊசியின் வலிமை முதுமையில் தேய்ந்துபோகும் என்பதால், பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்கத் தவணை தேவைப்படுகிறது. இப்போது டிடி என்ற பெயரில், தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்து, இது போடப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும். விலை ஒரு பொருட்டன்று. மலையேறுமுன் போட்டுக்கொள்வோர் மிகச் சிலரே.

காசநோயும் நீரிழிவும் சேர்ந்து வருவது இப்பகுதி மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. நீரிழிவு உள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. பிறந்த குழந்தைக்குப் போடும் பிசிஜி ஊசியைப் பெரியவர்களுக்குப் போட்டால் பலன் உண்டா? சித்தூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய திருவள்ளூர்ப் பகுதியில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968ஆம் ஆண்டு தொடங்கிய உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனை, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து அது பாதுகாப்பு அளிக்கவில்லை என்று காட்டியது. இருப்பினும் 2024ஆம் ஆண்டில் மத்திய அரசு, தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் பெரியவர்களுக்குப் பிசிஜி அளித்துப் பார்க்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தகுதி பெற்ற பிரிவினருள் நீரிழிவு நோயாளிகளும் உள்ளனர். அதன் முடிவுகள் வரும்வரை, விருப்பம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வதே முறை.

கிளையில் நான் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று: "இப்போது சர்க்கரை ஏறியிருக்கிறது, குறைந்த பிறகு போட்டுக்கொள்கிறேன்." இத்தாலிய ஆய்வைப் படித்தவர்களுக்கும் இந்த எண்ணம் தோன்றலாம். ஆனால் எந்த வழிகாட்டி நெறியும் சர்க்கரை மிகுந்திருப்பதைத் தடுப்பூசிக்குத் தடையாகக் கூறவில்லை. கடுங்காய்ச்சலோ, மருத்துவமனையில் சேரும் அளவு நோயோ இருந்தால் தள்ளிவைக்கலாம். மற்றபடி ஊசியைப் போட்டுக்கொண்டு, தவணைகளுக்கு இடைப்பட்ட வாரங்களில் சர்க்கரையைக் குறைப்பதே அந்த ஆய்வு காட்டும் வழி. குறையட்டும் என்று காத்திருப்பவர்களுக்குக் காத்திருப்பு பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கிருமி அதுவரை காத்திருப்பதில்லை.

ஊசி போட்ட நாளில் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றோடும் செல்ல வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தால் ஓரிரு நாள் சர்க்கரை சற்று ஏறக்கூடும். வீட்டில் கருவி இருந்தால் ஒருமுறை கூடுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் செவிலியரிடம் முன்னரே கூறிவிட்டு, போட்ட இடத்தை இரண்டு நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்துக்கொள்வது நல்லது. ஃபுளூ ஊசியை ஆண்டுதோறும், எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போட்டுக்கொள்ளலாம். நிமோனியா தடுப்பூசியில் ஒரே தவணையில் முடிவதும் உண்டு, ஓராண்டு இடைவெளியில் இரு வகை போடுவதும் உண்டு. எது தமக்கு உகந்தது என்பதைத் திருப்பதி ஸ்விம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் தம்மைப் பார்க்கும் மருத்துவரிடமோ, தம் ஊர் மருத்துவரிடமோ கேட்டறியலாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் பெரியவர்களின் தடுப்பூசிச் செலவு சேர்வதில்லை, சிலவற்றில் உண்டு. புதுப்பிக்கும்போது அந்தப் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், எச்பிஏ1சி உள்ளிட்ட நோய்த்தடுப்புப் பரிசோதனைகளுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். இதை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் ஏற்பார்கள். பாலிசியின் மொத்த வரம்புக்குள் அது அடங்கும். வீட்டில் இருவருக்கும் நீரிழிவு இருந்தால், ஃபுளூவுக்கும் நிமோனியாவுக்குமாக மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தனியே வைத்துக்கொள்வது என் யோசனை.

ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. மூன்றாம் தவணை முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குள் இரத்தத்தில் எதிர்ப்பான் அளவைச் சோதித்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. 10 மில்லி அலகுக்கு மேல் இருந்தால் ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது. குறைந்திருந்தால் மருத்துவர் மூன்று தவணைகளையும் மீண்டும் ஒருமுறை போடச் சொல்லலாம். முதல்முறை எட்டாதவர்களில் கணிசமானோர் இரண்டாம் முறையில் எட்டிவிடுகிறார்கள். அந்தச் சீட்டைக் காப்பீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். தவணை நாள்களைப் பாஸ்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரும் எங்கள் கிளையில் இருக்கிறார்.